மையால் நிரப்பிய வட்டம்

சில குடும்பங்களைச் சர்க்கரை நோய் ஏன் விடாமல் துரத்துகிறது என்று மரபணுவில் தேடும் ஆய்வகம் அது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதும் குடும்ப மரம் வரைவதும் அங்குள்ள ஒரு நர்ஸின் வேலை. அதனால் அங்கே அவருக்கு மரத்தக்கா என்றே பெயர். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு. பரிசோதனை முடிவு வராமல் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரையும் அவர் கறுப்பாக்கியதில்லை.

போன வாரம் சொந்தக் குடும்பத்தின் மரத்தை வரைந்து கொடுத்தார். அம்மா, இரண்டு அண்ணன்கள், பெரியக்கா எல்லோரும் கறுப்பு. கையோடு தன் வட்டத்தையும் மையால் நிரப்பிவிட்டார்.

“உங்க ரிசல்ட் எங்க?” என்றார் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா.

“எதுக்கு டாக்டர்? எங்க வீட்ல யாரு தப்பிச்சிருக்கா?”

“அடுத்தவங்க வீட்ல இப்படிச் செய்வீங்களா? கையை நீட்டுங்க.”

விஷயம் தெரிந்து பெரியக்கா போனில் சிரித்தார். “ஊர் ரத்தத்தையெல்லாம் எடுத்தவளுக்கு ஊசின்னா பயமாக்கும்!” பயம் ஊசிக்கில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் முடிவு வந்தது. சர்க்கரை இல்லை.

“இனி வரவே வராதுன்னு சொல்லல, வருஷா வருஷம் பாக்கணும்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா எல்லாருக்கும் வந்த வீட்ல ஒருத்தருக்கு மட்டும் ஏன் வரலங்கிறதும் எங்களுக்கு முக்கியம்.”

மை அழியாது. மரத்தக்கா புதுத் தாள் எடுத்து முழு மரத்தையும் மறுபடி வரைந்தார். மாலையில் பெரியக்காவுக்குப் போன் செய்து சொன்னார்.

“அப்படியே என்னோடதையும் வெள்ளையா விட்டுடேன்டி!”

“அதெல்லாம் நடக்காது. நீ ஒழுங்கா மாத்திரையைப் போடு.”