மணி அடித்த பிறகும் ஓடிய பம்பு

ஒரே ஒரு பொடியுப்பு மணி. ஒரு நாள் முழுக்கத் தொழிலாளியின் சட்டைக் காலரில் மாட்டியிருக்கும், காற்றை வடிகட்டும் வடிதாளில் சிலிக்கா தூசி ஏறக்குறைய அந்த எடைக்குச் சேர்ந்தாலே அனுமதித்த வரம்பைத் தொட்டாயிற்று. தூசி அளக்கும் வேலையில், கண்ணுக்குத் தெரியாத அந்த எடையைத் துரத்தியே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டாள் அவள். பட்டறைகளில் அவளுக்குப் பெயர் ‘மூச்சுக்காரம்மா’.

இந்தக் கல் அறுக்கும் பட்டறையில் இதற்கு முன் வேறு ஆட்கள் இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டும் வரம்புக்குள். ஆனால் கல் அறுத்த இருவர் நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடக்கிறார்கள். இந்த அளவும் குறைந்தால், தூசி உறிஞ்சும் இயந்திரம் தேவையே இல்லை என்று முதலாளி கையை உதறிவிடுவார்.

காலையிலிருந்து அவள் ‘மாப்பிள்ளை’க்கு நிழலாகத் திரிந்தாள். மேஸ்திரியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் பட்டறைக்கே அவர் மாப்பிள்ளை. அவர் இடுப்பில் காற்றை இழுக்கும் பம்பு, காலரில் வடிதாள், முகத்தில் முகமூடி. கல் அறுக்கும் வாளின்மேல் தூசியை அடக்கும் தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. சல்லடை போட்டுத் தேடியும் ஒரு தவறு அகப்படவில்லை.

மணி அடித்தது. முதல் வேலையாக எல்லாரும் முகமூடியைக் கழற்றினார்கள்.

“அவ்ளோதாம்மா, ஷிப்ட் முடிஞ்சுது. பம்பக் கழட்டிக்குங்க,” என்றார் மேஸ்திரி.

அவள் கை பம்புவரை போய்விட்டது. அப்போதுதான் மூலையில் ஒரு வரிசை சேர்வதைப் பார்த்தாள். முன்னால் நின்றவன் காற்றுக் குழாயால் தன் சட்டையை ஊதிக்கொண்டிருந்தான். வாளடியில் தெறித்த கல்குழம்பு பகலெல்லாம் துணியில் காய்ந்து, இப்போது புகையாய்க் கிளம்பியது.

“என்ன பண்றாங்க?”

“தூசி தட்டுறோம்க்கா,” என்றார் மாப்பிள்ளை. “இந்தக் கோலத்துல போனா பேய்னு நெனச்சு பஸ்ல ஏத்த மாட்டான்.”

“முன்னாடி அளந்தவங்க இதப் பாக்கலையா?”

“மணி அடிச்சதும் கழட்டிட்டுப் போய்ட்டாங்களே.”

“அப்ப பம்பு ஓடட்டும்.”

மேஸ்திரியின் குரல் ஏறியது. “வேல முடிஞ்சிருச்சும்மா!”

“வேல முடிஞ்சா மூச்சும் முடிஞ்சிருமா?”

“மாப்ளே, கழட்டிக் குடுங்க. நாளைக்கும் இங்கதான் வரணும், ஞாபகம் இருக்கட்டும்.”

மாப்பிள்ளை பம்பைக் கழற்றவில்லை. “வீட்ல கெடக்குறானுங்களே ரெண்டு பேர், அவனுங்களும் நாளைக்கு வரணும்னுதான் மச்சான் வாயத் தெறக்கல.” போய் வரிசையில் நின்றார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். “மாஸ்க்க மாட்டிக்குங்க, அளவு எடுக்குறது காலர்லதான், மாஸ்க் அதக் கெடுக்காது. மத்தபடி தெனம் ஊதுற மாதிரியே ஊதுங்க. காத்து மட்டும் வடிதாள் மேல நேரா படக் கூடாது. பட்டா இந்த அளவே செல்லாதுன்னுருவாங்க. பகல் பூரா பட்ட பாடு வீண்.”

அவர் முகமூடியை மாட்டியதும், “மாப்ள திருடப் போறாருடா!” என்றது வரிசை.

குழாய் சீறியது. முழங்கால், வயிறு, தோள். காலருக்கு ஒரு சாண் இருக்கும்போது அவர் கை நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கை கீழே இறங்கியது. பம்பின் ரீங்காரம் தடுமாறவேயில்லை.

வடிதாளுக்கு மூடி போட்டுப் பையில் வைத்தாள். அந்தக் காற்றுக் குழாயை இன்றே கழற்றும்படி முதலாளியிடம் சொன்னாள். ஆய்வக முடிவு வரட்டும் பார்க்கலாம் என்றார் அவர். முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை தினமும் மணி அடித்ததும் குழாய் முன்னால் அந்த வரிசை நிற்கும்.