எனக்குத்தான் தும்மல்

தும்மலே வராத நான், மருந்துக்கடையில் ஊர் பார்க்க நின்று தும்மிக்காட்டினேன். இப்படியொரு முட்டாளுக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள்.

தும்மல் என் மனைவிக்கு. பிரசவத்துக்குப் போனவள் கைக்குழந்தையோடு வரிச்சிக்குடியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சுற்றிலும் அறுவடை. அறுப்பு மிஷின் கிளப்பிய நெல் சுணை தாங்காமல் மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"அலர்ஜி மாத்திரை வாங்கிட்டு வாங்க. பால் குடுக்குறேன்னு சொல்லிக் கேட்டு வாங்குங்க" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

எங்கள் வீடு தலத்தெருவில். அன்று ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்த கூட்டத்தில் பாதி மருந்துக்கடையில் நின்றது. அதிலும் முன்னால் நின்றவர்கள், கோயில் பாடற்குழுவில் என்னோடு பாடும் பெண்கள்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

பால் கொடுக்கிறவளுக்கு என்று சொல்ல வேண்டும். மைக் இல்லாமலே கோயிலை நிறைக்கும் என் குரல் தொண்டையில் படுத்துக்கொண்டது.

"எனக்குத்தான்."

சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஒரு தும்மலும் போட்டேன். நல்ல சுருதியில் விழுந்தது.

"ஐயோ பாவம், ஆவி புடிங்கண்ணே" என்றாள் பாடற்குழுப் பெண் ஒருத்தி.

"மூக்கொழுகலும் சேந்து காயுற மாதிரி ஸ்ட்ராங்காவே தர்றேன். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

"சொல்லித்தானே வாங்குனீங்க?" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டே கேட்டாள் மனைவி.

"பின்ன?" என்றேன்.

தும்மல் நின்றது. மறுநாள் மகளும் அழுவதை நிறுத்திவிட்டாள். பசிக்கு எழவில்லை. மாரில் வாய் வைத்ததும் கண் செருகித் தூங்கிப்போனாள். போதாக்குறைக்கு மனைவிக்குப் பாலும் சுண்டிவிட்டது. அத்தையோ பால் ஊறுவதற்கென்றே பால்சுறா வாங்கிப் பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்துகொண்டிருந்தார். வாசலுக்கு வந்த மீன்காரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்த சுறாவ குடுத்த நீ? பொண்ணுக்குப் பால் ஊறலியே!"

"எஞ்சுறாவச் சொல்லாதீங்க. நீங்க பூண்டக் கொறச்சிருப்பீங்க."

"பழச தலையில கட்டிட்டு வாயப் பாரு! என்ன மாப்புள, பழசுதான அது?"

பிள்ளை பெற்றவளுக்குச் செய்த புட்டில் பாதி என் தட்டில்தான் இருந்தது. மிச்ச மாத்திரை அட்டையை அதற்குள் என் சட்டைப் பையில் ஒளித்துவிட்டிருந்தேன்.

"கொஞ்சம் பழசு மாதிரிதான் இருக்கு அத்தை."

மீன்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் புட்டை மென்றுகொண்டிருந்தேன். வாய் நிறைந்திருந்தால் உண்மை சொல்ல முடியாது அல்லவா?

"இனிமே டப்பாப் பால்தான்" என்றார் அத்தை.

உள்ளே மனைவி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணீர் அந்தக் காலிலேயே விழுந்தது. அதற்கு மேல் புட்டு இறங்கவில்லை. அருகே போய், கடையில் நடந்ததைச் சொன்னேன். அவள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டர்ட்ட போவணும். ஆட்டோ கூப்புடுங்க."

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். பிறகு நான் நீட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது புள்ளையத் தூங்க வைக்கும், பாலையும் கொறைக்கும். மாத்திரைய நிறுத்துங்க, தாய்ப்பால நிறுத்தாதீங்க. எழுப்பி எழுப்பிக் குடுங்க. பால் குடுக்குறவங்களுக்குத் தூக்கம் குடுக்காத அலர்ஜி மாத்திரை இருக்கு, எழுதித் தர்றேன். இத வாங்கும்போது என்ன சொல்லி வாங்குனீங்க?"

"எனக்குன்னு" என்றேன். திறந்திருந்த கதவுக்கு வெளியே காத்திருந்த பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மகள் கண் விழித்து வீறிட்டாள். என் பாடற்குழுவில் அப்படியொரு குரல் கிடையாது. மனைவி முந்தானையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். குழந்தை மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தத் தைரியத்தில் மெல்ல ஆரம்பித்தேன்.

"சுறா மேல தப்பு இல்லன்னு அத்தைகிட்ட நீ பக்குவமா எடுத்துச் சொல்லிடேன்."

அவள் குழந்தையிடமிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க."