லீவுக்கு வரவழைத்த ரத்தம்

முதலில் கறுத்தது என் கழுத்து. குவைத்தின் மங்காஃபில் நான்கு நர்ஸுகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பிளாட்டில், டியூட்டிக்குக் கிளம்ப நான் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ரூம்மேட் ஷீபா பின்னால் நின்று சொன்னாள்: "அக்கா, கழுத்த நல்லா தேச்சுக் குளிங்க. அழுக்கா கெடக்கு."

அன்றிலிருந்து பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சையும் கொண்டு தேய்த்தேன். தோல் எரிந்ததே தவிர, கறுப்பு போகவில்லை. கண்ணாடியைப் பார்க்க எனக்கே குமட்டியது. தாடையில் முடி வேறு முளைத்தது. பார்லரில் நூல் போட்டு எடுக்கும் பெண் முகம் சுளிக்காமல் எடுத்தாள். அந்தப் பெருந்தன்மைகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

எனக்குப் பிரசவ வார்டில் வேலை. குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் தட்டுத் தட்டாகச் சாக்லேட் கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட நேரம் கிடைக்காத நாள்களில் அதுதான் எனக்கு மதியச் சாப்பாடு, கூடவே இனிப்புத் தூக்கலாக ஒரு டீ. ஊரார் வீட்டுப் பிள்ளைக்கு வந்த இனிப்பைத் தின்று நான் ஊதினேன்.

கல்யாணமாகி ஆறு வருடம். கணவர் தோஹாவில் ஏசி டெக்னீஷியன். வருடத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே மாதத்தில் லீவு எழுதி, கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் கடற்கரை ஊருக்குப் போவோம். அந்த முப்பது நாளுக்குள் கரு தங்க வேண்டும்.

அதற்கு எங்கள் பிளாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புரோஜெஸ்டிரோன் (மாதவிடாயைத் தள்ளிப்போடவும் வரவழைக்கவும் கொடுக்கும் ஹார்மோன்) மாத்திரையை நாள் எண்ணி விழுங்கி நிறுத்துவோம். ரத்தப்போக்கு விமானம் ஏறும் முன்பே வந்து முடிந்துவிடும். கருமுட்டை வெளிவரும் நாள்கள் லீவுக்குள் விழும். இதற்கு லீவு கணக்கு என்றே பெயர். எந்த டாக்டரையும் கேட்டதில்லை. நர்ஸுக்குத் தெரியாத மருந்தா என்ற திமிர்.

ஐந்து லீவு அப்படிப் போனது. ஐந்தாவது லீவில், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது கணவரின் சித்தி என் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "வயிறு மட்டும் வந்திருக்கு, பிள்ளைய காணல்ல," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

குவைத் திரும்பியும் பல மாதம் தள்ளிப்போட்டு, அடுத்த லீவுக்கு ஒரு மாதம் இருக்கையில்தான் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவரிடம் போனேன். என் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, மாத்திரை இல்லாமல் உங்களுக்குத் தானா வந்தது கடைசியா எப்ப?"

எவ்வளவு யோசித்தும் சொல்லத் தெரியவில்லை. மாதக்கணக்கில் வராமல் இருந்ததை டியூட்டி அலைச்சல் என்று விட்டிருந்தேன். லீவு நெருங்கினால் மாத்திரை இருக்கிறதே.

"மாத்திரை ரத்தத்தைத்தான் கொண்டுவந்தது," என்றார் டாக்டர். "முட்டையைக் கொண்டுவரேல்லை."

பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இன்சுலின் (ரத்தச் சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோன்) மிக அதிகம். செல்கள் அதன் பேச்சைக் கேட்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிஞ்சிய இன்சுலின், ஆண்ட்ரோஜனை (ஆண்களிடம் அதிகமாக இருக்கும் ஹார்மோன்) கூடுதலாகச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. முட்டை முதிர்வதில்லை, தாடையில் முடி முளைக்கிறது. கழுத்துத் தோல் தடித்துக் கறுப்பதும் அந்த இன்சுலினால்தான். நான் நாரால் தேய்த்தது அழுக்கை அல்ல. இதையெல்லாம் பரீட்சைக்கு எழுதித் தேறியவள் நான்.

மெட்ஃபார்மின் (செல்களை இன்சுலினுக்கு இணங்கவைக்கும் மாத்திரை) தொடங்கினேன். முதல் வாரங்கள் கழிவறையில் கழிந்தன. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. சாக்லேட்டுக்குப் பதில் அவித்த முட்டையும் சுண்டலும் கொண்டுபோனேன். மாலையில் நடந்தேன்.

"மூன்று மாதம் பாப்பம்," என்றார் டாக்டர். "வராட்டி என்னட்ட வாங்கோ. அப்படியே விட்டால் கர்ப்பப்பையின்ர உள்தோல் தடிச்சுப்போகும். ஆனா நீங்களா ஒண்டும் போடக் கூடாது."

அந்த மூன்று மாதத்துக்குள்தான் அடுத்த லீவும் வந்தது. இந்த முறை மாத்திரை போடப்போவதில்லை என்று கணவரிடம் போனில் சொன்னேன்.

"அப்பம் இந்த லீவும் வெறும் லீவாக்கும்," என்றார். "இந்த ஒரு தடவ மட்டும் போட்டுப் பாரு. அம்மைக்கு நான் என்ன சொல்ல?"

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நான் போடமாட்டேன்."

மாத்திரை போடாமல் ஊருக்குப் போனேன். கோயில் வாசலில் சித்தி கையை நீட்டியபோது அந்தக் கையைப் பிடித்து விலக்கினேன். லீவில் பாதி நாள்கள் கணவர் என்னோடு பேசவில்லை. வெறும் லீவாகவே முடிந்தது.

திரும்பி வந்து ஒரு மாதமிருக்கும். வார்டில் ஒரு பச்சைக் குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தபோது அடிவயிறு இழுத்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். வந்திருந்தது. யாரும் நாள் குறிக்காமல், எந்த மாத்திரையும் போடாமல். அத்தனை வருடம் ரத்தத்தைக் கண்டாலே அருவருப்புதான் வரும். அன்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் பீர்க்கங்காய் நாரைக் குப்பையில் போட்டேன். கழுத்து இன்னும் கறுப்புத்தான்.

லீவு கணக்குப் போடும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தானாக வந்தது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நினைவில் இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள்.

அன்று ராத்திரியே கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"நாம ஊர்ல இருந்தப்ப வந்திருக்கப்படாதா?" என்றார். "இனி லீவுக்கு ஒரு வருசம் கெடக்கே."

"இது லீவுக்கு வரல," என்றேன். "எனக்கு வந்திருக்கு."