முதல் சாட்சியின் வாரண்ட்

இதில் வரும் தேதிகளையும் நேரங்களையும் நினைவிலிருந்து எழுதவில்லை. முக்கால்வாசி நீதிமன்றக் காகிதத்தில் இருப்பவை. சந்தேகம் இருந்தால் காரைக்கால் கோர்ட்டில் நகல் மனு போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் இல்லாதது ஒரே ஒரு மாலை. அதையும் நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ஹரிஹரன். வயது முப்பத்திரண்டு. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. வீடு திருநள்ளாறு சாலையில், தெருவின் கடைசி. அதற்கு அப்பால் வயல்.

2024 ஜனவரி 19, காலை. பூவம் அருகே என் மனைவி அல்லியின் ஸ்கூட்டர் மீது ஒரு மினி லாரி மோதியது. அன்று மதியமே போலீஸ் அவளிடம் வாக்குமூலம் வாங்கியது. வலது கையில் கட்டு. அதனால் இடது பெருவிரல் ரேகை வைத்தாள். இரவு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். 21ஆம் தேதி இறந்தாள்.

விபத்து நடந்தது புதுச்சேரி மாநிலத்தில். உயிர் போனது தமிழ்நாட்டில். எங்கள் ஊர் அப்படி. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். இறப்புச் சான்றிதழைத் தஞ்சாவூரில் என் கையில் கொடுத்தார்கள். அதன் நகலைக் காரைக்கால் ஸ்டேஷனில் நான் சேர்த்திருக்க வேண்டும். அவர்களே அனுப்பிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். பதினான்கு மாதம் என்னை யாரும் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

2025 மார்ச் 9, ஞாயிறு. மாலை 4.10. லாரி டிரைவர் மருதையன் வாய்தாவுக்கு வருவதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் மேல் பிடிவாரண்ட் இருக்கிறதா என்று பார்க்க நீதிமன்றங்களின் இணையதளத்தைத் திறந்தேன்.

முதலில் தமிழ்நாடு, மயிலாடுதுறை என்று தேடினேன். அவன் ஊர் அந்தப் பக்கம். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் உறைத்தது. வாரண்ட் போடுவது வழக்கு நடக்கும் கோர்ட். ஆள் எங்கே இருந்தால் என்ன? மாநிலம் புதுச்சேரி என்று மாற்றினேன். காரைக்கால். எதிரியின் பெயர், அதாவது மருதையன். ஆண்டு 2024. நிலுவை வழக்குகள்.

4.25. வழக்கு வந்தது.

வாரண்டின் நகலை அந்தத் தளத்தில் பார்க்க முடியாது. ஒவ்வொரு வாய்தா தேதியையும் தொட்டால் அன்று என்ன நடந்தது என்று ஓரிரு வரி இருக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டேன். மருதையன் மேல் வாரண்ட் எதுவும் இல்லை. ஆனால்...

'முதல் சாட்சி அல்லிக்கு சம்மன்.'

'முதல் சாட்சி வரவில்லை. ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்.'

'முதல் சாட்சி மீதான வாரண்ட் நிறைவேற்றப்பட்டது. 21.03.2025 அன்று ஆஜராக ஜாமீன் பத்திரம் பெறப்பட்டது.'

மூன்று முறை படித்தேன்.

சிவப்ரியாவுக்கு போன் செய்தேன். அல்லியோடு கல்லூரியில் படித்தவள். இப்போது வக்கீல்.

"செத்தவங்க பேர்ல வாரண்ட் வர்றது உண்டு ஹரி. காகிதம் வரலன்னா ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு அல்லி இன்னும் காயம்பட்ட சாட்சிதான்."

"நிறைவேத்திட்டோம்னு போட்டிருக்கு."

கடைசி வரியைத் தேதியோடு படித்துக் காட்டினேன்.

"அப்ப யாரோ ஒரு பொம்பளைய அல்லின்னு காட்டியிருக்கான் மருதையன்."

"எதுக்கு?"

"கேஸ் வெறும் காயம்னுதான நிக்குது. 21ஆம் தேதி அவ கூண்டுல ஏறி, ராஜியா போறோம்னு சொன்னா முடிஞ்சுது. அல்லி செத்ததே கோர்ட்டுக்குத் தெரியாம அவன் வீட்டுக்குப் போயிடுவான்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. தேதியை மட்டும் எண்ணினேன். பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் நகல் மனு போட்டேன். செவ்வாய்க்கிழமை பத்திரத்தின் நகல் கிடைத்தது. இடம்: என் வீட்டு முகவரி. நாள்: 27.02.2025. நேரம்: மாலை 5.50. கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை. பக்கத்தில் ஒரு குறிப்பு. 'வலது கையில் கட்டு இருப்பதால்.'

வாக்குமூலத்தைப் படித்த எவனுக்கும் இது தெரியும். பழைய வழக்குக் கட்டைப் பார்த்து நன்றாகத்தான் ஜோடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27 எனக்கு நினைவிருந்தது. காய்ச்சல். விடுப்பு எடுத்திருந்தேன். மூன்று மணிக்கு மாத்திரை போட்டுப் படுத்தேன். எழுந்தபோது 6.30. வாசல் கதவு திறந்து கிடந்தது. தாழ் போட மறந்துவிட்டேன் என்று எண்ணினேன். மேசையில் ஒரு டம்ளர் இருந்தது. பாதி தண்ணீர்.

நான் டம்ளரில் தண்ணீர் குடிப்பதில்லை. எப்போதும் பாட்டில்தான்.

மார்ச் 12, புதன். வாரண்டைக் கொண்டுவந்த கான்ஸ்டபிளை ஸ்டேஷன் வாசலில் பிடித்தேன். பெயர் கார்த்திகேசன். ஐம்பது வயது இருக்கும். புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மருதையனைப் பிடிக்கப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"வாரண்ட் போட்டாதானங்க பிடிக்க? போட்டாலும் எல்லை தாண்டணும். இந்தத் தொப்பியோட அந்தப் பக்கம் போனா, என்னய்யா பேண்டு வாசிக்க வந்தியான்னு கேப்பானுவ."

"அல்லி மேல இருந்த வாரண்ட்?"

"அது முடிச்சாச்சே. நல்ல பொம்பளைங்க. ஒரு எதிர்ப்பேச்சு இல்ல."

"எங்க பார்த்தீங்க?"

"அவங்க வீட்லதான். வேற எங்க?"

"காட்டுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் யார் என்று சொல்லவில்லை. பிறகு பைக்கை எடுத்தார். நான் பின்னால் வந்தேன். வழி கேட்கவே இல்லை. நேராக என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

5.42. தெருவில் மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் மங்கல். கதவைத் திறந்தேன்.

அவர் முகம் மாறியது.

"நீங்கதான் வீட்டுக்காரரா? அன்னிக்கு உள் ரூம்ல படுத்திருந்தது நீங்கதானே? எழுப்பவான்னு கேட்டேன். காய்ச்சல், தூங்கட்டும்னு சொன்னாங்க."

எனக்குக் காய்ச்சல் என்பது என் அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். அங்கேயும் விசாரித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

"எப்படி இருந்தாங்க?"

"எப்படின்னா? வலது கையில கட்டு. இடுப்புல புள்ள. தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. புள்ளையத் தரையில உக்கார வச்சிட்டு ரேகை வச்சாங்க. அது பாட்டுக்குத் தரையத் தட்டிக்கிட்டு இருந்துச்சு."

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். கட்டு, காய்ச்சல், எல்லாம் சரியாக ஜோடித்தவர்கள் இதில் கோட்டை விட்டுவிட்டார்கள்.

"என்ன வயசு புள்ள?"

"ஆறு மாசம் இருக்கும். அப்பதான் உக்கார ஆரம்பிச்ச மாதிரி."

"எங்களுக்குக் குழந்தை இல்ல."

அவர் சிரித்தார்.

"விளையாடாதீங்க சார்."

"என் மனைவி செத்துப் பதினாலு மாசம் ஆச்சு. மருதையன் உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினான்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் இருந்த தொப்பி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அப்ப... அது யாரு?"

திரும்பினேன்.

கூடம் காலி. உள்ளே சமையலறை வாசல். இருட்டு.

"யாரும் இல்ல."

"நிக்கிறாங்க சார். புள்ளையக் கீழ விடுறாங்க..."

நடிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

5.50.

தப்.

ஈரக் கையால் தரையைத் தட்டுவது போல. சின்னச் சத்தம்.

தப்... தப்...

பல்லி இல்லை. குழாய் இல்லை. தரையில்தான்.

சமையலறைக்குள் ஆளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் என் புத்தி போயிற்று.

போனை எடுத்து வெளிச்சம் போட்டேன். உள்ளே நடந்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

சமையலறையில் யாரும் இல்லை. கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னலில் கம்பி.

தப்... தப்...

இப்போது என் காலடியில்.

வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன். வெறும் தரை.

தப்.

என் வலது பாதத்தில்.

சின்னதாக. ஈரமாக. சூடாக.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நன்றாக நினைவிருக்கிறது.

"யாரு அனுப்பினது? வெளியே போ! என் வீட்டை விட்டு வெளியே போ!"

சத்தம் நின்றது.

உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு இழுத்தது. அழுவதற்கு முன்னால் இழுப்பது போல. அழுகை வரவில்லை.

விளக்கு வந்தது. 5.53.

வாசலில் கார்த்திகேசன் இல்லை. பைக்கும் இல்லை. தொப்பி மட்டும் கிடந்தது.

மறுநாள் அதை ஸ்டேஷனில் கொடுத்தேன். கூடவே ஒரு புகாரும் எழுதிக் கொடுத்தேன். எதிரியோடு சேர்ந்து ஆள் மாறாட்டம் செய்தார், என் வீட்டில் என்னைப் பயமுறுத்த ஆள் வைத்தார் என்று. அதை அப்போது முழுக்க நம்பினேன். நம்பாமல் அந்த வீட்டில் படுத்திருக்க முடியாது.

மார்ச் 21, கோர்ட். காலை 11.15. "அல்லி... அல்லி... அல்லி..." என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. மருதையனும் வரவில்லை. சிவப்ரியா மனுவோடு இறப்புச் சான்றிதழைக் கொடுத்தாள். முதல் சாட்சி இறந்துவிட்டதாகப் பதிவு செய்தார்கள். வழக்கை மரண வழக்காக மாற்ற உத்தரவு வந்தது. மருதையன் மேல் பிடிவாரண்ட். ஏப்ரலில் பிடித்தார்கள்.

நான் தேடிப்போனது கிடைத்துவிட்டது.

அந்தப் பெண் யார் என்று அவனிடம் விசாரித்தார்கள். சத்தியமாகத் தெரியாது என்றான். பத்திரத்தில் இருக்கும் ரேகை யாருடையது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கார்த்திகேசன் மேல் விசாரணை நடந்தது. பார்த்ததைத்தான் எழுதினேன் என்று ஒரே பதில். நீண்ட விடுப்பில் போய்விட்டார்.

மார்ச் 12க்குப் பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

மரண வழக்கு என்பதால் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தார்கள். அது காரைக்காலுக்கு வந்ததே மே மாதக் கடைசியில்தான். அதுவரை இங்கே போலீஸோ கோர்ட்டோ நானோ அதைப் பார்த்ததில்லை. ஜூன் 4ஆம் தேதி, மாலை 4 மணிக்கு, சிவப்ரியா தன் அலுவலகத்தில் நகலை முதலில் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். தாளை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா ஹரி?"

எனக்குத் தெரியாது. அல்லிக்குத் தெரிந்திருந்ததா என்றும் தெரியாது.

கருப்பையில் எட்டு வாரக் கரு.

ஜனவரியில் எட்டு வாரம். ஆகஸ்ட் கடைசியில் பிறந்திருக்கும்.

பிப்ரவரி 27க்கு ஆறு மாதம்.