தூக்குவாளிக்குள் ஒரு பிஸ்கட்

ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். கொரோனாவுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் முடங்கிய அந்தக் கோடையில், என் பெரிய மாமா உயிரோடு இருக்கிறார் என்பதை இந்த வழக்கத்தை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

மாமா அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். திராட்சைத் தோட்டத்தில் வேலையாக இருந்தபோது வாதம் வந்து ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. தூக்கிப் புரட்ட முடிந்தவரை அம்மா வீட்டில் வைத்துப் பார்த்தாள். முடியாமல் போனதும் உத்தமபாளையம் ரோட்டில் சிஸ்டர்கள் நடத்திய முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். கொரோனா வந்ததும் அதன் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அங்கிருந்த ஒரே போனில் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"கொண்டாந்து தள்ளிட்டு மறந்துட்டாகன்னு அண்ணன் நெனச்சிருவாக" என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அம்மா அழுதாள். அப்பா கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டில் சோறு கொடுக்க அனுமதி வாங்கினார். வழியில் போலீஸ் மறித்தால் தூக்குவாளியைத் திறந்து காட்டுவார். அம்மா வைத்த ரசத்தின் வாசனையை மீறி எங்களைத் திருப்பி அனுப்ப எந்தப் போலீசுக்கும் மனம் வரவில்லை.

வாளியைக் கேட்டருகே ஸ்டூலில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் தள்ளி நிற்போம். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அம்மா என் கையை வலிக்கப் பிடிப்பாள். கழுவிய வாளியை சிஸ்டர் கொண்டுவந்து வைத்ததும் அம்மா திறக்க மாட்டாள். என்னிடம் நீட்டி, "நீயே பாரு ஆத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உள்ளே ஒரு பிஸ்கட் கிடக்கும். மாமாவுக்கு டீயோடு கொடுக்கிற இரண்டில் ஒன்று. "மருமகளுக்கு" என்று சொல்லிவிட்டிருப்பார். ஈரத்தில் நமுத்துப்போன அதை நான் தின்னத் தின்ன அம்மாவுக்கு உயிர் திரும்பும்.

ஒரு ஞாயிறு வாளி வர வெகுநேரமானது. வெறும் வாளியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் மூடியைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத ஒரு முழுப் பாக்கெட் இருந்தது. அதுவும் கிரீம் பிஸ்கட்.

"மாமாவுக்கு நல்லாயிருச்சு போலம்மா. பாக்கெட்டே குடுத்துவிட்டிருக்காக" என்று குதித்தேன்.

அம்மா பாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள் தரையைப் பார்த்தன.

"ஆமா ஆத்தா, நீ தின்னு" என்றாள் அம்மா. அப்பா கேட்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

மாமா அன்று காலையிலேயே போய்விட்டார் என்பது எனக்குத் தெரியாது. எங்களைப் பார்த்ததும் அதைச் சொல்ல நா எழாமல் சோற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போன சிஸ்டர், வாளியை வெறுமனே நீட்டவும் மனம் வராமல் தன்னிடம் இருந்ததைப் போட்டுக் கொண்டுவந்தார் என்பதும் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்து ஆசை தீரத் தின்றேன். கடைசி பிஸ்கட்டை மட்டும், அடுத்த ஞாயிறு மாமாவுக்கு ஆகும் என்று வாளிக்குள் போட்டு மூடிவைத்தேன்.