ஆறு திருகாணிகளும் ஒரு பொய்யும்

இந்த ஊர்ப் பல் மருத்துவமனையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் வாய்க்குள் சிவப்புச் சாயம் தடவுகிறார்கள். கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, சாயம் எங்கெல்லாம் போகாமல் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் நான் சரியாகத் துலக்கவில்லை என்று நர்ஸ் கெர்ஸ்டின் கண்ணாடியில் காட்டுவார். முதல் தடவை அந்தச் சிவந்த வாயோடு டிராமில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் அதே வாயோடு தெருவில் நடந்திருந்தால், இன்று எந்த வீட்டில் கல்யாணச் சாப்பாடு என்று கேட்டிருப்பார்கள்.

நான் கப்பலில் இயந்திரப் பகுதி வேலைக்குப் போய், சுவீடனின் இந்தத் துறைமுக நகரத்தில் இறங்கித் தங்கிவிட்டவன். என் மனைவி விசாலம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். தாய்மாமன் மகன் சபாபதிக்குத்தான் அவள் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கப்பல்காரன் என்ற பெயரோடு நடுவில் புகுந்து நான் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டேனே தவிர, அவள் எனக்குக் கிடைத்துவிட்டாள் என்று ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. சபாபதி நல்ல நெசவாளி, நல்ல உயரம். அதையெல்லாம்விட அவன் பல்வரிசை. அவன் சிரித்தால் எதற்கென்று கேட்காமலே விசாலமும் சிரிப்பாள். எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட அவள் பார்வை படமெடுப்பவனுக்குச் சற்றுத் தள்ளி எங்கோ இருக்கிறது. அங்கே யார் நின்றிருந்தார்கள் என்று பத்து வருடம் யோசித்திருக்கிறேன்.

என் ஈறுகளோ முப்பத்தைந்து வயதுக்குள் சீழ் பிடித்துப்போயின. கீழ்வரிசை முழுவதையும் பிடுங்கிவிட்டு, கழற்றி மாட்டும் பல்செட்டைக் கொடுத்தார்கள். பேசும்போது அது மேலே எழும்பும். கையால் வாயை மூடிக்கொண்டு பேசப் பழகினேன். சிரிப்பதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் இங்குள்ள மருத்துவர்கள் புதிய வைத்தியம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். தாடை எலும்பில் துளையிட்டு, டைட்டேனியம் என்ற உலோகத்தில் செய்த சிறு திருகாணிகளை இறக்கி, ஈறை மேலே தைத்து மூடிவிடுவார்கள். நான்கு மாதம் அதைத் தொடக்கூடாது. எலும்பு வளர்ந்து உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகு, ஈறைத் திறந்து சிறு தூண்களைப் பொருத்தி, அவற்றின்மேல் பல்வரிசையை முடுக்குவார்கள். எனக்கு ஆறு திருகாணிகள். அறுவைக்கு முன் கெர்ஸ்டின் என் தோளைத் தொட்டு “ஊரூலிக்?” என்றார். எனக்கு ‘ரூலிக்’ என்ற சொல் மட்டும் தெரியும். வேடிக்கை என்று அர்த்தம். மரியாதைக்காக, “ஆமாம், ரொம்ப” என்றேன். அவர் முகம் வாடிப்போய், இரண்டு மருத்துவர்களை அழைத்து வந்தார். மூவரும் அரை மணி நேரம் எனக்குத் தைரியம் சொன்னார்கள். பயமாக இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் என்று விசாலம் பிறகு விளக்கினாள். அவளுக்கு இந்த மொழி என்னைவிட நன்றாக வந்துவிட்டது.

மறு வருடம் விசாலத்தின் தங்கை கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போனோம். உண்மையைச் சொல்கிறேன், சபாபதியின் முன்னால் உட்கார்ந்து சீர் முறுக்கைச் சத்தம் வரக் கடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் போனேன். அவன் பந்தலுக்குள் வந்தான். வாயில் ஒரு பல்கூட இல்லை. என்னைத் தின்ற அதே ஈறு நோய் அவனை இரண்டே வருடத்தில் தின்று முடித்திருந்தது. நான் மனத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவனோ வெறும் ஈறு தெரிய வாயைத் திறந்து சிரித்தான்.

“இன்னாம்மா விசாலம், உங்க வூட்டுக்காரரு வாயில இரும்புக்கடையே வச்சிக்கினு வந்துகீறாராமே?”

விசாலம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுவீடனில் நான் கேட்டேயிராத சிரிப்பு. புதுப் பல்லோடு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் கைக்கண்ணாடியும் பல் துலக்கும் தூரிகையுமாக நான் குந்தியிருந்தபோது சபாபதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அதான் சொத்தையே ஆவாதுன்றியே, அப்பறம் எதுக்குபா இத்தினி பாடு?”

“உலோகம் கெடாது. சுத்தி இருக்கிற ஈறு கெடும். தூணைச் சுத்தி அழுக்கு சேந்தா ஈறு வீங்கும், உள்ள எலும்பு கரையும். அப்புறம் திருகாணி ஆடிக்கினு வெளியே வந்துடும்.”

ஒவ்வொரு தூணையும் சுற்றித் துலக்குவதையும், பல்வரிசைக்கு அடியில் தடித்த நூலை நுழைத்து முன்னும் பின்னும் இழுப்பதையும் அவன் உன்னிப்பாகப் பார்த்தான். நூலைக் கையாளுவதில் என்னைத் திருத்தவும் செய்தான்: “அறுக்கிற மாரி இழுக்காத. தூணைக் கட்டிப் புடிச்ச மாரி வளைச்சிக்கினு இழு.” கெர்ஸ்டினும் அதையேதான் சொல்லியிருந்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தினான். “தறியில அறுந்த இழைய முடிஞ்சிட்டு வாலைப் பல்லாலதான் கடிச்செடுப்பேன். இப்ப ஒவ்வொரு தபாவும் கத்திரியத் தேடறேன். எனுக்கும் செய்வாங்களான்னு உங்க டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுபா.”

சொல்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. திரும்பி வந்து ஒரு மாதம் அதைப்பற்றியே நினைத்தேன். முடியும் என்று சொல்லிவிட்டால் அவன் வர வேண்டும். வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். நான்கு மாதம் என் மேசையில், என் மனைவிக்கு எதிரே, அந்தச் சிரிப்பு. அதன் பிறகு அந்த வாயில் பல்லும் வந்துவிடும். “உன் தாடைக்கு ஒத்துவராதென்று டாக்டர் சொல்லிவிட்டார்” என்று கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதிதான்.

இரண்டு வாரம் கழித்து விசாலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்: “சபாபதிக்கு நீங்க எழுதினத அன்னிக்கே மேசையில பாத்தேன். நான் நர்ஸம்மாவாண்ட கேட்டுக்கினு வந்தேன். ஆள நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும், முயற்சி பண்ணலாம்னாங்க. முடியாதுன்னு யாரும் சொல்லல.”

கீழே விழுந்த தோல்களை நான் பொறுக்கினேன்.

“உங்களக் கட்டிக்கினது எங்கப்பா சொன்னதால இல்ல. நான் சரின்னு சொன்னேன். பத்து வருஷமா நீங்க அதக் கேக்கவே இல்ல” என்றாள். அவள் குரல் உயரவில்லை. உரித்த கிழங்குகளைக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

அன்றைக்கே இன்னொரு கடிதம் எழுதினேன். முதல் கடிதம் பொய், டாக்டரை நான் கேட்கவே இல்லை, நீ வா, வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்று எழுதினேன். பொறாமையால் என்றும் எழுதினேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு இரண்டு தாள் வீணாயிற்று. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் வெளிநாட்டுக்காரன் மனம் பெரிதாகியிருக்கும் என்று நினைப்பீர்கள். என்னைப்போல் வெளியே இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். நாம் விட்டுவந்த இடத்தில் நிற்பவன்மீது பொறாமை குறைவதில்லை.

பதில் பங்குனியில் வந்தது. இங்கே அது இன்னும் பனிக்காலம். நான் குளியலறையில் கீழ்வரிசைக்கடியில் நூலை நுழைத்திருந்தேன். விசாலம் கூடத்தில் கடிதத்தைப் பிரித்து வாசிப்பது கேட்டது. குளிருக்குத் தன்னால் வர முடியாது, கத்திரியைக் கயிற்றில் கட்டித் தறியிலேயே தொங்கவிட்டாயிற்று என்று சபாபதி எழுதியிருந்தான். அதற்கு மேலும் ஏதோ எழுதியிருந்தான். அதை வாய்விட்டு வாசிக்காமல் தனக்குள் படித்து அவள் சிரித்தாள். கல்யாணப் பந்தலில் கேட்ட அதே சிரிப்பு, இந்த நாட்டில் முதல்முறையாக.

என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்க வாய் வரவில்லை. நூலின் இரு முனைகளும் என் இரு கைகளில் இருந்தன. இன்னும் நான்கு தூண்கள் பாக்கி. அவசரப்பட்டால் ஈறு கிழியும். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையார்பாளையம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தபடி நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.