தறப்பாளில் கேட்ட வாசிப்பு

நெல் காயவிடப் புதுத் தறப்பாள் வாங்கலாமென்று பரந்தன் சந்திக் கடையில் நின்றபோது, மடிப்பை விரித்ததும் எழுந்த பிளாஸ்டிக் மணம் என்னை வட்டக்கச்சியில் நான் ஆறாம் வகுப்புப் படித்த கொட்டிலுக்குள் கொண்டுபோய் இருத்தியது. இன்று அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கூரைதான்: வெயிலில் சுடுகிற, காற்றில் படபடவென்று அடிக்கிற, மழையில் தண்ணீர் தேங்கித் தொந்தி வைக்கிற தறப்பாள்.

பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் யன்னலோரம் கதிரை போட்டு, தேநீர் குடித்தபடி மழையை ரசித்தது. வாசித்து மனதில் பட்டதை எழுதச் சொன்ன ரீச்சருக்கு, 'இது பொய். மழை பெய்தால் ஒருவரும் சும்மா இருக்க ஏலாது. கூரையில் தேங்கும் தண்ணீரை யார் தடியால் தள்ளி ஊற்றுவது?' என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். 'பாடத்தோடு பொருந்தவில்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார்.

அடுத்த கிழமை அவர் அதே பாடத்தை விளக்கிக்கொண்டிருக்கையில் மழை கொட்டியது. தலைக்கு மேல் தறப்பாள் தொங்கத் தொடங்கியதும், புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு, வகுப்பைக் கூட்டுகிற தும்புத்தடியோடு நாங்கள் இருக்கும் வாங்கில் ஏறியவர் ரீச்சர்தான். தள்ளிய தண்ணீரில் பாதி ஓரத்தால் வழிந்து அவர் மேலேயே கொட்டியது. சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார்.

"உம்மட கொப்பியை எடும். எழும்பி வாசியும், எல்லாரும் கேக்கட்டும்."

தறப்பாளில் மழை விழும் இரைச்சலுக்கு மேலால் 'இது பொய்' என்று நான் வாசித்தது கடைசி வாங்கு வரை கேட்டது.